இஸ்திரிக்காரர் ஊழியத்துக்குப் புறப்பட்டார்

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் கோபம் வரும். இஸ்திரிக்காரருக்கு மட்டும் பேச்சு வரும். கொடியில் போட்ட ஆஸ்பத்திரிப் போர்வைகள் காயாமல் கனத்துத் தொங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து நிற்பார்கள். வேறு வழியில்லாமல் ஈரத்தோடு எடுத்து அவர் மேசைக்குத்தான் கொண்டுபோவோம். சூடான பெட்டி ஈரத்தில் பட்டதும் உஸ்ஸென்று ஆவி எழும்பி அவர் முகத்தை மறைத்துவிடும். குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும்.

"என்னய்யா தொட்டிக்காரா, போர்வையைப் பிழிஞ்சியா, இல்ல பாவம்னு விட்டுட்டியா? இதுல மீன் வளர்க்கலாம் போலிருக்கே!"

தொட்டிக்காரன் என்பது நான். ஊறவைப்பது, அலசுவது, பிழிவது என் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கை இரண்டும் வெளுத்துச் சுருங்கி, செத்தவன் கை மாதிரி இருக்கும். தோள் இரண்டும் யாரோ கழற்றி வைத்துக்கொண்டதுபோல் இருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் நான் நரைத்த பிறகு எழுத்துப் படித்தேன். ஜெபவீட்டுப் போதகர் சாயங்கால வகுப்பு ஒன்று வைத்தார். சலவைக்கூடத்து ஆட்கள் நாங்கள் கொஞ்சம் பேர் போய் உட்கார்ந்து, பிள்ளைகள் மாதிரி சத்தம் போட்டுப் படித்தோம். இஸ்திரிக்காரரும் வந்தார். பாதி எழுத்தோடு நின்றுவிட்டார். வாய் சும்மா இருந்தால்தானே எழுத்து உள்ளே போகும்?

என் அறைக்கு எதிரே மாடி வீடு ஒன்று. கீழே இஸ்திரிக்காரரும் அவர் மனைவியும். மேலே அவருடைய அண்ணன் தையல்காரரும் அண்ணியும். வெளிப்பக்கமாக ஒரே மாடிப்படி. எங்கள் கூடத்தில் கிழிகிற போர்வையெல்லாம் மேலேதான் போகும். தையல் மிஷின் சத்தம் பகல் முழுக்கக் கீழ் வீட்டுக் கூரையில் தடதடத்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் தவிர மேலே இருந்து கீழேயும், கீழே இருந்து மேலேயும் ஒரு வார்த்தை போய் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு கல்யாண உடுப்பு. தையல்காரர் தன் மகளுக்காகத் தானே துணி தேடி, வெளிவேலையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தைத்த வெள்ளை உடுப்பு. கல்யாணத்துக்கு முந்தின நாள் தம்பியிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்? புதுத் துணி என்றால் முதலில் உள்மடிப்பில் பெட்டியை லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். நேற்று வேலைக்கு வந்தவனுக்குக்கூட அது தெரியும். இஸ்திரிக்காரர் அன்றைக்குச் சுற்றி நின்ற சொந்தக்காரர்களுக்கு ஏதோ வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் சிரிப்பு வருகிற இடத்தில் பெட்டி உடுப்பின் முதுகில் நின்றுவிட்டது. தூக்கினபோது பெட்டியின் உருவம் அச்சு மாதிரி பழுப்பாக விழுந்திருந்தது.

தையல்காரர் ஓடிவந்து பார்த்தார். அப்போதுகூட உறவு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இஸ்திரிக்காரர் நிமிர்ந்து நின்று, எல்லார் முன்னாலும், "துணி மட்டம், அண்ணே. மட்டமான துணி சூடு தாங்காது" என்றார்.

மணப்பெண் முதுகில் ஒரு துண்டு வெள்ளைத் துணியைப் போட்டு மறைத்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவள் அன்றைக்கே சித்தப்பாவை மன்னித்துவிட்டாள். தையல்காரரால்தான் முடியவில்லை. கருக்கினதைத் தாங்கிக்கொண்டார், தன் துணியை மட்டம் என்று சொன்னது தொண்டையில் நின்றுவிட்டது.

இரண்டு வீட்டுப் பெண்கள் மட்டும் பின்பக்கக் கொடியில் துணி போடுகிற சாக்கில் பேசிக்கொள்வார்கள். ஆண்களுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பு. ஆண்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

ஜெபவீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வழக்கம். புதிதாக எழுத்துப் படித்தவர்களில் ஒருவர் வேதத்தை வாசிக்க வேண்டும். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே நிறுத்திவிடலாம். மிச்சம் அடுத்த வெள்ளிக்கு. பிறகு அவரவர் மனதில் பட்டதைச் சொல்வார்கள். அன்றைக்கு என் முறை. எழும்பி ஒரு பெரிய நகரத்துக்குப் போ என்று ஆண்டவர் ஒருவனிடம் சொன்ன கதை. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தேன். முன்வரிசையில் ஒருவர் தூங்கி விழித்து மறுபடி தூங்கினார். அந்த மனுஷன் எழுந்து துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறினான் என்கிற இடம் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எழுத்தைக் கூட்டுகிற பாட்டில், அவன் எதற்காகப் போனான் என்கிற வார்த்தைகளை விழுங்கிவிட்டேன். புத்தகத்தை மூடி உட்கார்ந்தேன்.

கதை தெரிந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். இஸ்திரிக்காரருக்குக் கதை புதிது. மனைவி இழுத்துக்கொண்டுவந்து கொஞ்ச காலமாகத்தான் ஜெபவீட்டுக்கு வருகிறார். அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். கண் கலங்கியிருந்தது.

"ஆண்டவர் என்னையும் கூப்பிட்டுட்டார்" என்றார். "ரொம்ப நாளா 'போ, போ'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கார். நான்தான் சாக்கு சொல்லிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அந்த மனுஷன் கப்பல் ஏறினதைக் கேட்டதும் தெளிவாயிடுச்சு. நான் ஊழியத்துக்குப் போறேன். தூரமா போறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். போதகர் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு, "தம்பி, எங்க போகச் சொன்னார்?" என்று கேட்டார்.

"அது போகப் போகத் தெரியும், ஐயா."

"கூப்பிடுறவர் இடத்தையும் சொல்லித்தானே கூப்பிடுவார்? கதையில மிச்சம் இருக்கு. அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?"

"கீழ்ப்படியறதுக்கு நாள் பார்க்கலாமா, ஐயா?" என்றார் இஸ்திரிக்காரர்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனபோது அடுப்படியில் முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரர் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய தகரப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே" என்றாள். "உங்க சினேகிதர் உலகத்தைத் திருத்தக் கிளம்பிட்டார். கூடத்துல கணக்கை முடிக்கச் சொல்லிட்டு வந்துட்டாராம். நாங்க ரெண்டு பேரும் கூடத்துல வேலை செஞ்சாத்தான் முதலாளி கொடுத்த இந்த வீடு எங்களுக்கு. ஒருத்தர் நின்னுட்டா காலி பண்ணணும்னு முதலாளி சொல்லிட்டார். நான் எங்க போறதுன்னு ஆண்டவர் ஏதாவது சொன்னாரான்னு கேளுங்க."

"உன்னையும் அப்புறமா கூப்பிட்டுக்குவேன்னு சொன்னேன்ல?"

"நீங்க கூப்பிடுவீங்க. எங்கிருந்து?"

"அதான் தெரியலைன்னு சொல்றேன்!"

"பாத்தீங்களா அண்ணே? எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நெஜமாவே அவர் கூப்பிட்டிருந்தா நானே பெட்டியைத் தூக்கிட்டு முன்னால நடப்பேன். ஆனா இவரைக் கடைக்கு அனுப்பினாலே உப்புன்னு நாலு தடவை சொல்லி அனுப்பணும். ஆண்டவருக்கு அது தெரியாதா? வெறும் 'போ'ன்னு சொல்லி அனுப்புவாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இஸ்திரிக்காரர் முறைத்தார்.

"நீயும் சிரி. அன்னைக்கு வாசிச்சவன் நீதானே? உன் வாயாலதான் வார்த்தை வந்துச்சு."

"என் வாய் எழுத்துக் கூட்டத்தான் திறந்துச்சு. உனக்குப் பேசத் தெரியுமா முதல்ல? ஊழியம்னா பிரசங்கம் பண்ணணும்."

அதைக் கேட்டு அவர் மனைவி முட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அதை மட்டும் கேக்காதீங்கண்ணே. பேச்சுதான் இவர்கிட்ட மிச்சமா இருக்கு. நிறுத்தறதுக்குத்தான் ஆள் வேணும்."

பெட்டியில் வைக்கச் சட்டைகளை எடுத்துவந்தாள். ஒன்றில் வயிற்றுக்கு நேரே பொத்தான் இல்லை.

"தொப்புள் தெரிய நின்னு பிரசங்கம் பண்ணுவீங்களா? மேலே கொடுத்தா ஒரு நிமிஷ வேலை."

மேலே என்றதும் அவர் முகம் சட்டென்று மாறிற்று. "ஊசியைக் கொடு. நானே தைக்கிறேன்."

வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூலைக் கோத்து, விரலில் இரண்டு தடவை குத்திக்கொண்டு, ஒருவழியாகத் தைத்தார். பொத்தான் ஓட்டையை விட்டு ஒரு விரல்கடை தள்ளி உட்கார்ந்திருந்தது. போட்டுப் பார்த்தபோது சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. மேலே மிஷின் நின்று, கொஞ்ச நேரம் அமைதியாக இருந்து, மறுபடி ஓடியது. அவர் கூரையை அண்ணாந்து பார்த்ததை நான் பார்த்தேன். ஊருக்குப் போகிறவன் பார்க்கிற பார்வையாக எனக்கு அது படவில்லை.

அன்றைக்கு இரவு நான் சாப்பிட்டு முடித்து, என் புத்தகத்தை எடுத்துக் கதையின் மிச்சத்தை நானே படித்தேன். அவசரப்படுத்த ஆள் இல்லாததால் நன்றாகவே ஓடியது. படித்து முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

காலையில் தூறிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் கோணல் சட்டையோடு வாசலில் நின்றார். மனைவி ரொட்டியும் முட்டையும் வெங்காயமும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். "எவ்வளவு தூரம்னு தெரியாததால எவ்வளவு கட்டறதுன்னும் தெரியல. பசிச்சா திரும்பி வாங்க" என்றாள். குரல் சிரிப்பாகத்தான் இருந்தது. கதவைப் பிடித்த பிடியை விடவில்லை.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். மாடிப்படியைத் தாண்டும்போது அவர் குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடந்தார். மழை இந்தப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

"நனையறியே" என்றேன்.

"பரவாயில்ல, வா."

கடைத்தெருவில் திரும்பினதும் மெதுவாக ஆரம்பித்தேன். "கதையில மிச்சத்தைப் படிச்சுட்டேன்."

"அப்படியா? எந்த ஊர்ல போய் இறங்கினான்?"

"எங்கயும் இறங்கல. அவனைப் போகச் சொன்னது ஒரு பக்கம். அவன் கப்பல் ஏறினது நேர் எதிர்ப் பக்கம்."

அவர் நின்றார். "எதிர்ப் பக்கமா? அப்ப கீழ்ப்படிஞ்சுதானே எழுந்து போனான்?"

"எழுந்தான், போனான். தப்பிச்சு ஓடினான். போகச் சொன்ன ஊர்க்காரங்களை அவனுக்குப் பிடிக்காது. அங்க போய் நிக்கறதுக்குக் கடலைத் தாண்டிப் போறது சுலபம்னு நினைச்சுட்டான்."

"அப்புறம்?"

"புயல். கப்பல்ல இருந்தவங்க கடல்ல தூக்கிப் போட்டாங்க. பெரிய மீன் ஒண்ணு முழுங்கிடுச்சு."

"செத்துட்டானா?"

"எங்க செத்தான்? உள்ளே உக்காந்து ஜெபம் பண்ணினான். மீன் கரையில கொண்டுவந்து கக்கிடுச்சு. கக்கினதும் ஆண்டவர் முதல்ல என்ன சொன்னாரோ அதையே திரும்பச் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல."

"திட்டலையா?"

"திட்டல. அதே ஊரு, அதே வார்த்தை."

அதற்குப் பிறகு பேருந்து நிற்கிற இடம் வரைக்கும் இஸ்திரிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடு இத்தனை வருஷம் பழகியிருக்கிறேன். பேசாமல் அவ்வளவு தூரம் நடந்து பார்த்ததில்லை. காய்ச்சலோ என்று நினைத்தேன்.

பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஏறினார். நானும் ஏறிப் பெட்டியை மேலே செருகினேன். இறங்கப் போகும்போது நடத்துனர் வந்துவிட்டார்.

"எங்க போகணும்?"

இஸ்திரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"பெரியவரே, எங்க போகணும்?"

"தூரமா."

"எல்லாமே தூரம்தான். பேரைச் சொல்லுங்க, வண்டி எடுக்கணும்."

பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "சொல்லுங்களேன், எங்க வீட்ல அடுப்பு எரியுது" என்றாள். முன்னால் ஒருவர் திரும்பிப் பார்த்து, "மறந்துட்டார் போலிருக்கு, பாவம்" என்றார். இஸ்திரிக்காரர் உதடு அசைந்தது. அந்தக் கோணல் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் வாய் திறந்தது.

"மாடிக்கு" என்றார்.

"என்னது?"

"மாடிக்குப் போகணும்."

நடத்துனர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியை இறக்கினேன். "மாடிக்கெல்லாம் இந்த வண்டி போகாதுங்க" என்று அவர் மரியாதையாகச் சொன்னார். வண்டியே சிரித்தது. இறங்கும்போது இஸ்திரிக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் இருந்தது மழையா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம்.

"எங்கன்னு சொல்லிட்டார்யா" என்றார். "கல்யாணம் முடிஞ்ச மறுநாளே சொல்லிட்டார். 'மேலே போ, நான்தான் கருக்கினேன்னு சொல்லு'ன்னு. ஜெபத்துல கண்ணை மூடினா அதுதான். இஸ்திரிப் பெட்டியைக் கையில எடுத்தா அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க வேணாலும் அனுப்புங்க, காட்டுக்குப் போறேன், தீவுக்குப் போறேன், அந்தப் படியை மட்டும் ஏறச் சொல்லாதீங்கன்னேன். பதிலே வரல. சரின்னுட்டார் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அவர் அதே வார்த்தைலயே நின்னுட்டிருந்திருக்கார்."

"வா, போவோம். நின்னா எனக்கு மறுபடி தீவு ஞாபகம் வந்துடும்."

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். நாங்கள் போன பிறகு உள்ளே போகவேயில்லையோ என்னவோ. எங்களைக் கண்டதும், "அதுக்குள்ள பசிச்சுடுச்சா?" என்றாள். அவர் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் கால் வைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாதிப் படியில் நின்று திரும்பினார். "நீ முன்னால போயேன்."

"கூப்பிட்டது உன்னை. நான் பெட்டி தூக்கறவன்" என்றேன்.

மேலே தையல்காரர் மிஷினுக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரிப் போர்வையைப் பரப்பி ஊசி குத்திக்கொண்டிருந்தார். குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்வியிருந்தார். தம்பி வாசலில் நிழல் மாதிரி நின்றதும் கை நின்றுவிட்டது. வாயைத் திறக்க முடியாது. கண் மட்டும் பெரிதாயிற்று. அண்ணி உள்ளிருந்து கையில் கரண்டியோடு வந்து அப்படியே நின்றாள்.

"அண்ணே" என்றார் இஸ்திரிக்காரர். எங்கள் கூடத்தையே பேச்சால் நிரப்புகிறவருக்கு அதற்கு மேல் வரவில்லை. பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "அந்த உடுப்பை நான்தான் கருக்கினேன். உள்மடிப்பில தொட்டுப் பாக்கல. கதை சொல்லிட்டிருந்தேன். துணி நல்ல துணி, அண்ணே. அந்த மாதிரித் துணி என் மேசைக்கு அதுக்கு முன்னாலயும் வரல, பின்னாலயும் வரல. மட்டம்னு சொன்னது என் வாய்."

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றாக ஊசித் திண்டில் குத்தினார். அவசரமே இல்லை. ஒரு ஊசி கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்து அதையும் குத்தினார். என் கையில் பெட்டி கனத்தது.

"நல்ல துணியா?" என்றார்.

"நல்ல துணி."

"இன்னொரு தடவை சொல்லு."

"நல்ல துணி, அண்ணே."

"கேட்டியாடி?" என்று அண்ணியைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா நான் இதையேதான் சொல்றேன். யாராவது கேட்டீங்களா?" பிறகு கண் என் கையிலிருந்த பெட்டிக்கு வந்தது. "என்னடா, பெட்டியோட வந்திருக்க. எத்தனை நாள் தங்கறதா உத்தேசம்?"

அண்ணி கரண்டியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கீழே படியடியில் நின்றுகொண்டிருந்த இஸ்திரிக்காரர் மனைவி சத்தமாகவே சிரித்தாள்.

தையல்காரர் எழுந்து வந்தார். தம்பியைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"இந்தப் பொத்தானை எந்த மடையன் தைச்சான்?"

"நான்தான்."

"வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூலு! இதைப் போட்டுக்கிட்டு தெருவில வேற போனியா? எங்க அண்ணன் தையல்காரன்னு யார்கிட்டயாவது சொன்னியா?" கத்தரியால் பொத்தானை வெட்டி, சட்டை உடம்பில் இருக்கும்போதே தைக்க ஆரம்பித்தார். ஊசி நெஞ்சுக்குப் பக்கத்தில் போய் வந்தது. இஸ்திரிக்காரர் மூச்சுக்கூட விடாமல் நின்றார். பல்லால் நூலைக் கடித்து அறுத்தபோது அண்ணன் தலை தம்பியின் நெஞ்சில் பட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அண்ணி அலமாரியைத் திறந்து ஒரு மடிப்பைக் கொண்டுவந்து வைத்தாள். சின்னஞ்சிறு வெள்ளை அங்கி. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்கு ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கல்யாண உடுப்பில் கருகின இடத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் தாத்தா தைத்தது அது. சுருங்கிக் கசங்கிக் கிடந்தது.

"தைச்சு எத்தனையோ நாளாச்சு" என்றாள் அண்ணி. "வெளியில கொடுத்து இஸ்திரி போட்டுட்டு வாங்கன்னேன். கேக்கல. 'இந்த வீட்ல இஸ்திரிக்காரன் இருக்கும்போது வெளியில எதுக்கு'ன்னார். பேச்சுவார்த்தை இல்லாத இஸ்திரிக்காரன்!"

"நீ சும்மா இரு" என்றார் தையல்காரர். அங்கியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். நீட்டினாரே தவிர உடனே விடவில்லை. ஆளுக்கொரு முனையாகக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு விட்டார்.

நாங்கள் கீழே இறங்குவதற்குள் இஸ்திரிக்காரர் மனைவி அடுப்பு மூட்டித் தேநீர் வைத்துவிட்டாள். போகும் வழியில் முதலாளியிடம் நானே ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றேன். "சொல்லுங்கண்ணே, ஊழியம் பக்கத்திலயே கிடைச்சுடுச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

இஸ்திரிக்காரர் வீட்டு மேசையில் துணியை விரித்தார். சூடேறின இஸ்திரிப் பெட்டியில் ஈரவிரலைத் தட்டிப் பார்த்தார். ஆற விட்டார். மறுபடி தட்டினார். அங்கியைப் புரட்டி, உள்மடிப்பைத் தேடி, பெட்டியின் நுனியால் தொட்டார். குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு மெல்லிய வெள்ளைத் துண்டை மேலே போட்டு, ஓரத்திலிருந்து நகர்த்தினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி தேநீரை நீட்டினாள். தலையை ஆட்டி வைக்கச் சொன்னார். ஆவி மெதுவாக எழும்பியது. சுத்தமான துணியின் வாசனைதான் வந்தது.

மேலே மிஷின் ஓடவில்லை. தையல்காரர் காதைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூரையில் தடதடவென்று காலால் தட்டினார்.

"டேய்! என்னடா, பேச்சு மூச்சையே காணோம்? கருக்கிட்டியா?"

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, அண்ணாந்து கத்தினார்.

"வேலையில இருக்கேன், அண்ணே!"